கொசு கடித்துக் கடித்து ரத்தம் மாறுமா?

பெகுவாசி:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. கேள்வி கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இரண்டரை வயது. ஆறேழு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே வெளுத்துப்போய்த்தான் இருந்தாள். இரும்பு டானிக், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. போன மாதம் ரங்கூனுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தலசீமியா என்றார்கள், பரம்பரையாக வரும் ரத்தசோகையாம். அப்புறம் எனக்கும் மனைவிக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு பீட்டா தலசீமியா டிரெய்ட், மனைவிக்கு ஹீமோகுளோபின் ஈ டிரெய்ட் என்று தாளில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒரு தலைவலிகூடக் கிடையாது.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஐந்து நிமிடம்தான் பேசினார். ‘மரபணு மாற்றம், மலேரியாவால் வந்தது, இயற்கைத் தேர்வு’ என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் தாத்தா கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி மூலமாக ராமநாதபுரத்திலிருந்து பர்மாவுக்கு வந்தவர். பியாப்போன் பக்கம் காடு திருத்திய கூட்டத்தில் அவரும் ஒருவர். வருடம் தவறாமல் குளிர்காய்ச்சலில் விழுவாராம். அந்தக் காய்ச்சல் அவர் ரத்தத்தை மாற்றி, அந்த ரத்தம் அப்பாவுக்கு வந்து, எனக்கு வந்து, இப்போது பிள்ளையிடம் வந்து நிற்கிறதா? அம்மா வேறு மாதிரி சொல்கிறார். மருமகளின் தாயார் மோன் இனத்துக்காரர். ‘நம்ம பக்கம் யாருக்கும் இப்படி இல்ல, அந்த ரத்தத்துலதான் கோளாறு’ என்று வீட்டில் தினமும் ஏச்சு. மனைவி இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குக் கூடத்துக்கே வருவதில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேர்வு என்றால் யார் தேர்வு செய்வது?

ஆய்வுக்கூடத்து அக்கா:

தம்பி, முதலில் பிள்ளை எப்படி இருக்கிறாள்? ரத்தம் ஏற்றினார்களா? இரும்பு டானிக்கை இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். தலசீமியாவில் உடம்பில் இரும்பு கூடிப்போவதுதான் தொல்லை. குறைவதில்லை.

நான் பதினெட்டு வருடமாக ரத்தக் குழாய்களோடு புழங்குகிறவள். டாக்டர் சொன்னது தப்பில்லை. ஆனால் மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அவிழ்க்கலாம்.

சடுதிமாற்றம், அதாவது டாக்டர் சொன்ன மரபணு மாற்றம், என்பது எழுத்துப்பிழை. நம் மரபணு நான்கே எழுத்துகளில் எழுதிய நூல். தாயிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்து, தந்தையிடமிருந்து அதே அளவு. செல் பிரியும்போதெல்லாம் இதைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் எங்காவது கை தவறும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் அம்மா அப்பா இருவரிடமும் இல்லாத புதுப் பிழைகள் 60, 70 வரை இருக்கும். உங்களிடம் உண்டு, என்னிடம் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது.

உங்கள் மனைவியிடம் இருப்பது அப்படி என்றோ நேர்ந்த ஒரு பிழை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமில மணிகள் கோத்திருக்கும். 26ஆவது மணிக்கான குறிப்பு ஜிஏஜி என்று இருக்க வேண்டும். அதில் முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆகிவிட்டது. குளுட்டாமிக் அமிலம் உட்கார வேண்டிய இடத்தில் லைசின் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பெயர்தான் ஹீமோகுளோபின் ஈ. பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா முழுக்க இது சர்வ சாதாரணம். என் மேஜைக்கு ஒரு நாளில் வரும் குழாய்களிலேயே பல பேருக்கு இருக்கும்.

இந்தப் பிழையைக் கொசு செய்யவில்லை, மலேரியா செய்யவில்லை, உங்கள் தாத்தாவின் காய்ச்சலும் செய்யவில்லை. கரண்ட் போகிற நேரம், மிச்சத்தை இரவு எழுதுகிறேன்.

கரும்பலகை:

அக்கா வருவதற்குள் ஒரு வார்த்தை. தட்டோனில் பள்ளிப்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ‘பட்டது உடம்பில் பதிந்து பிள்ளைக்குப் போகும்’ என்கிற எண்ணம் எல்லா வகுப்பிலும் வரும். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நம் வீட்டில் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்? ஏதாவது ஒரு பிள்ளை ஓட்டையோடு பிறந்ததுண்டா? தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் புதிதாகத்தானே அழுகிறது.

ஐரோப்பாவில் வைஸ்மன் என்ற உயிரியலாளர் இதையே எலியின் வாலை வெட்டி வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன. பாவம் எலிகள், நம்மைக் கேட்டிருக்கலாம்.

எதிர்க்கேள்வி:

ஆசிரியரே, அது வெளிக்காயம். என் அப்பா நாற்பது வருடம் வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாயில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்தார். புற்றுநோய் சடுதிமாற்றத்தால் வருகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அப்படியானால் மரபணுவே மாறிவிட்டதல்லவா? அது எனக்கு வந்திருக்காதா?

கரும்பலகை:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மாற்றம் உண்மைதான், ஆனால் எந்த செல்லில் என்று பாருங்கள். பாக்கும் புகையிலையும் கன்னத்து உட்தோல் செல்லைக் கெடுத்தன. அந்த செல் பெருகும், கட்டியாகும், ஆளைக் கொல்லும், ஆளோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருக்கும் எழுத்து மட்டும். கன்னத்துப் பிழைக்கு அங்கே போக வழியில்லை. உங்கள் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடியது வெற்றிலைப்பெட்டிதான். அதை விட்டுவிட்டீர்களா?

எதிர்க்கேள்வி:

குறைத்திருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்து அக்கா:

விட்ட இடத்திலிருந்து. பிழை எப்படிப் பிறக்கிறது என்பது ஒரு கதை. அது எப்படிக் கைமாறுகிறது என்பது இரண்டாவது கதை, அதுதான் பாரம்பரியம். உங்கள் வீட்டில் இப்போது நடந்திருப்பது இதுதான். புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

பீட்டா மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. உங்களிடம் ஒன்று நல்லது, ஒன்று வேலை செய்யாத தலசீமியாப் பிரதி. மனைவியிடம் ஒன்று நல்லது, ஒன்று ஈ. ஒரு நல்ல பிரதி இருந்தாலே காலம் ஓடிவிடும், அதனால்தான் இருவருக்கும் இத்தனை வருடம் தெரியவில்லை. தாளில் டிரெய்ட் என்று இருப்பது இதுதான். பிள்ளைக்கு நீங்கள் ஒன்று கொடுக்கிறீர்கள், அவர் ஒன்று கொடுக்கிறார். எதைக் கொடுப்பது என்பது நம் கையில் இல்லை, பூவா தலையாதான். இரண்டும் நல்லதாக விழலாம். உங்களைப் போலவோ அவரைப் போலவோ விழலாம். உங்கள் தலசீமியாவும் அவருடைய ஈயும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேரலாம், நான்கில் ஒரு வாய்ப்பு. மகளுக்கு விழுந்தது அது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. நான்கில் ஒன்று என்றால், ஒன்றுக்கு வந்தாயிற்று, அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. அடுத்த குழந்தை யோசனை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள்.

மின்பட்டையில் இது கண்ணுக்கே தெரியும். ஈரமான தாள் மாதிரி ஒரு பட்டையில் ரத்தச் சாறை வைத்து மின்சாரம் விடுவோம். ஒவ்வொரு ஹீமோகுளோபினும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். சாதாரணமாக எல்லாருக்கும் உள்ள ஏ முன்னால் போய் ஒரு கனத்த சிவப்புக் கோடாக நிற்கும். ஈ சோம்பேறி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். உங்கள் மனைவியின் பட்டையில் முன்னால் ஒரு கனத்த கோடு, பின்னால் அதைவிட மெலிந்த ஒரு கோடு என்று இரண்டும் இருக்கும். உங்கள் மகளுடையதில், ரத்தம் ஏற்றும் முன்பே எடுத்திருந்தால், ஏ நிற்க வேண்டிய இடம் வெறிச்சென்று இருக்கும். பின்னால் ஈ, நடுவில் கருப்பருவத்து எஃப், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். பழக்கமாகிவிட்டது.

பெகுவாசி:

அக்கா, ரத்தம் ஏற்றும் முன்புதான் எடுத்தார்கள். நீங்கள் சொன்னபடியே, ஏ பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஏ2 என்ற ஹீமோகுளோபின் 5.1 சதவீதம், சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்சிவி 66. இப்போது ஒரு தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறது. கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துகிறாள்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் பக்கமும் பாதி இருக்கிறதே?

ஆய்வுக்கூடத்து அக்கா:

சரியாகப் பாதி. ஈ மட்டும் வந்திருந்தால், இரண்டு பக்கமிருந்தும் ஈயே வந்திருந்தாலும்கூட, பெரும்பாலும் லேசான சோகையோடு போயிருக்கும். உங்கள் பக்கத்துப் பிரதி சேர்ந்ததால்தான் கடுமையாயிற்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

மோல்மேன் மாமா:

மலேரியா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இளவயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்ததென்று பிரிமாக்வின் என்ற மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மூத்திரம் கோலா நிறத்தில் போயிற்று. கண் மஞ்சள், எழுந்து நிற்க முடியவில்லை. பிழைத்தது முனீஸ்வரர் புண்ணியம். பிறகு சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று அட்டை எழுதிக் கொடுத்தார்கள், இன்றும் பணப்பையில் இருக்கிறது. எனக்கு மூன்று மகன், ஒரு மகள். மகன்களைச் சோதிக்க வேண்டுமா? இதுவும் அக்கா சொல்கிற நான்கில் ஒன்றா?

ஆய்வுக்கூடத்து அக்கா:

மாமா, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் மாத்திரை வாங்க வேண்டும்.

இது கைமாறும் வழியே வேறு. ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மா கொடுத்தது. அதில் பிழை என்றால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. உங்களுக்கு வந்தது உங்கள் அம்மாவிடமிருந்து. நீங்கள் மகன்களுக்குக் கொடுத்தது ஒய், எக்ஸ் அல்ல. அதனால் உங்கள் பிரதி அவர்களுக்குப் போகவில்லை. மகளுக்குக் கட்டாயம் போயிருக்கும். மகளின் பையன்களுக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. சோதிக்க வேண்டியது பேரன்களைத்தான்.

இந்த நாட்டில் அதிகம் காணும் ஜி6பிடி பிழைக்கு மகிடோல் வகை என்று பெயர். விவாக்ஸ் மலேரியாக் கிருமி அந்த ரத்தத்தில் அடர்த்தியாகப் பெருகுவதில்லை என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தது. உங்களைக் கிட்டத்தட்டக் கொன்ற அதே பிழை, மாத்திரையெல்லாம் இல்லாத காலத்தில் உங்கள் பாட்டன்மாரைக் காப்பாற்றியிருக்கலாம்.

மோல்மேன் மாமா:

மகளுக்கு இரண்டு பையன்கள். இன்றே போன் போடுகிறேன்.

எதிர்க்கேள்வி:

இப்போது அக்காவே என் பக்கம் வந்துவிட்டார். ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா, ஜி6பிடி மூன்றும் மலேரியா ஊர்களில்தான் அதிகம் என்றால், மலேரியாதான் இவற்றைக் கொண்டுவந்தது என்று சொன்னால் என்ன? உடம்புக்கு ஒரு தேவை வந்தது, உடம்பு மாறிக்கொண்டது. இதற்கு ஏன் இத்தனை சுற்று?

நாற்றங்கால்:

நான் படிக்காதவன், சவுத்தான் பக்கம் பதினாறு ஏக்கர் நடவு. ஆனால் இந்தக் கேள்விக்கு என் வயலில் பதில் நிற்கிறது.

குதிரைவாலிப் புல் தெரியுமல்லவா? களை. பொதுவாக அது சாய்ந்து படரும், தண்டின் அடி சிவந்திருக்கும், நாற்றிலேயே கண்டுபிடித்துப் பிடுங்கிவிடலாம். ஆனால் நெல் வயலில் மட்டும் இன்னொரு ஜாதி உண்டு. நெல் மாதிரியே நிமிர்ந்து நிற்கும், அடி பச்சையாக இருக்கும். நடவுப்பெண்கள் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் தவறவிட்டுவிடுவார்கள். குனிந்து இலையை விலக்கிப் பார்க்க வேண்டும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு சவ்வு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். புல்லுக்கு அது இருக்காது, வழவழவென்று இருக்கும். கதிர் வந்தபிறகுதான் ‘அடப்பாவி’ என்போம்.

அது எப்படி நெல் வேஷம் கட்டியது? வேளாண் அதிகாரி ஒருவர் விளக்கினார், நாற்றங்காலில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கும் சரியென்று பட்டது. புல்லுக்கு வேஷம் போட வேண்டுமென்ற எண்ணமே கிடையாது. ஆயிரம் விதையில் ஒன்று எதேச்சையாக அடி பச்சையாக முளைக்கும், இன்னொன்று கொஞ்சம் நிமிர்ந்து முளைக்கும். களை எடுக்கும் கை சிவந்ததைப் பிடுங்கும், சாய்ந்ததைப் பிடுங்கும், பச்சையாக நிமிர்ந்ததை நெல்லென்று விட்டுவிடும். விட்டது விதை உதிர்க்கும். அடுத்த வருடம் அதன் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான வருடம் இப்படிப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? வேஷக்காரன்தான்.

அதாவது, களையெடுத்த பெண்கள் யாரும் பச்சை அடியை உண்டாக்கவில்லை. அவர்கள் செய்தது பிடுங்கியது மட்டும்தான்.

கரும்பலகை:

நாற்றங்கால், இத்தனை வருடம் வகுப்பில் நான் ஒட்டகச்சிவிங்கியை வைத்து மாரடித்தேன். இது தெரிந்திருந்தால் பையன்களை வயலுக்கே கூட்டிப்போயிருப்பேன்.

ஆய்வுக்கூடத்து அக்கா:

எதிர்க்கேள்வி தம்பி, மலேரியா செய்தது அந்தக் களையெடுக்கிற வேலை. பெகுவாசி கேட்ட ‘யார் தேர்வு செய்வது’ என்பதற்கும் இதுதான் பதில். தேர்வு செய்ய ஆள் யாரும் இல்லை. ஒரு ஊரில் நூறு பிள்ளைகள், சிலரிடம் எப்போதோ நேர்ந்த பிழையின் ஒரு பிரதி. காய்ச்சல் வருகிறது. பிழையில்லாத பிள்ளைகளில் கொஞ்சம் கூடுதலாகச் சாகிறார்கள். ஒரு பிரதி உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெறுகிறார்கள். ‘கொஞ்சம்’ என்பதை மறந்துவிடாதீர்கள். நூறு தலைமுறையில் அந்தக் கொஞ்சம் மலையாகிவிடும். ஈ இப்படிப் பரவியது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தலசீமியாவையும் மலேரியாவையும் இப்படி முடிச்சுப் போட்டுச் சொன்னவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர், 1949இல். பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து புவனேசுவரத்தில் இறந்தார். அதற்கு முன்னால் ‘இத்தனை பிள்ளைகளைக் கொல்லும் மரபணு ஏன் அழியாமல் இருக்கிறது’ என்பது பெரிய புதிராக இருந்தது. இரண்டு பிரதி வாங்கியவன் கஷ்டப்படுகிறான், ஒரு பிரதி வாங்கியவன் தப்பிக்கிறான். கஷ்டப்படுகிறவர்கள் சிலர், தப்பிக்கிறவர்கள் பலர். தராசு அங்கே போய் நிற்கிறது.

சென்னைப் பர்மாக்காரன்:

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன், 64இல் கப்பலேறிய குடும்பம். எனக்கு ஒரு சந்தேகம். மலேரியா மருந்து இப்போது வேலை செய்வதில்லை, கிருமி பழகிவிட்டது என்கிறார்களே. அங்கே மருந்துதானே கிருமியை மாற்றுகிறது? பழகுவது என்றால் என்ன?

ஆய்வுக்கூடத்து அக்கா:

‘பழகிவிட்டது’ என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது. நாம் காரத்துக்குப் பழகுவது மாதிரி ஒரு கிருமி மருந்துக்குப் பழகுவதில்லை. செத்துப்போகும்.

கணக்கைப் பாருங்கள். ஃபால்சிபாரம் கிருமியின் மரபணு நூல் சிறியது, சுமார் 2.3 கோடி எழுத்து. 48 மணிக்கு ஒருமுறை ஒன்று பலவாகும். கடுமையாகப் படுத்த நோயாளியின் உடம்பில் பல்லாயிரம் கோடிக் கிருமிகள் இருக்கும். அத்தனையும் படியெடுத்துப் படியெடுத்து வந்தவை. ஆக, நூலின் எந்த எழுத்தைக் காட்டினாலும், அது மாறிப்போன ஒரு கிருமியாவது அந்த ஒரே ஆளுக்குள் எங்கோ இருக்க வாய்ப்பு உண்டு. மருந்து வருவதற்கு முன்பே. மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன, இடம் காலியாகிறது, மிஞ்சியது பெருகுகிறது. இரண்டு மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டதென்று மீதியைத் தகரப்பெட்டியில் போட்டு வைக்கிறோமே, அது அரைகுறைக் களையெடுப்பு.

இது ஊகமில்லை. 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்று இருவர் பாக்டீரியாவை வைத்துச் சோதித்தார்கள். ஒரே மாதிரியான பல குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸிடம் விட்டார்கள். வைரஸ்தான் மாற்றத்தை உண்டாக்குகிறது என்றால் எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. பல குழாய்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஒரு சிலவற்றில் கும்பலாக. கும்பல் ஏன்? அந்தக் குழாயில் பிழை சீக்கிரமே நேர்ந்துவிட்டது, வைரஸ் வருவதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் கிருமியை அடையாளம் காட்டும் மரபணு கெல்ச்13 என்று 2014இல் கண்டார்கள். கம்போடியாவில் அதில் ஒரு எழுத்து மாற்றம் பரவியது, நம் வடக்குப் பகுதியில் வேறொரு எழுத்து மாற்றம் அதிகம். ஒரே நெருக்கடிக்கு இரண்டு ஊரில் இரண்டு தற்செயல் விடை.

எதிர்க்கேள்வி:

சரி, இந்தக் குழாய் விஷயம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

மோல்மேன் மாமா:

நான் மனதில் ரொம்ப நாளாக வைத்திருக்கும் ஒன்றைக் கேட்கலாமா? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு எங்கள் பெரிய தாத்தா குடும்பம் எல்லையூரான தமு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். புறப்பட்டது பதினோரு பேர், மணிப்பூர் போய்ச் சேர்ந்தது நான்கு பேர். எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், ‘நாம் நடந்து பிழைத்த வம்சம், வலுவான ரத்தம்’ என்று. நீங்கள் சொல்கிற தேர்வு இதுதானா? செத்தவர்கள் வலுவில்லாதவர்களா?

கரும்பலகை:

மாமா, இந்தக் கேள்வியை நேற்றிரவு படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த நடை உண்டு.

சாவு வந்தாலே அது இயற்கைத் தேர்வு ஆகிவிடாது. பிழைத்தவனுக்கும் செத்தவனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பிள்ளைக்குக் கைமாறக்கூடியதாக இருந்தால்தான் அது தேர்வு. அந்தப் பாதையில் யார் செத்தார்கள்? காலரா வந்த முகாமில் அன்றைக்குத் தங்கியவர்கள். மழை பிடிக்கும் முன் மலை தாண்ட முடியாதவர்கள். கைக்குழந்தையை விட மாட்டேன் என்றவர்கள். கப்பல் டிக்கெட்டுக்குப் பணமில்லாதவர்கள், அவர்கள்தான் முதலில் நடக்கவே தொடங்கினார்கள். பணமுள்ள வீடுகள் கப்பலிலும் விமானத்திலும் போய்விட்டன. டிக்கெட் மரபணுவில் இல்லை.

மலேரியாவில் ஓரளவு தேர்வு நடந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு தலைமுறையில், இத்தனை தற்செயல்களுக்கு நடுவில், ‘வலுவான ரத்தம்’ என்று ஒன்று வடிகட்டி வராது. நான்கு பேர் பிழைத்தார்கள், அவர்களிடம் தற்செயலாக எந்த எழுத்துகள் இருந்தனவோ அவைதான் உங்களிடம் இருக்கின்றன. சிறு கூட்டத்தில் இப்படிக் குருட்டாம்போக்கில் சில எழுத்துகள் கூடுவதையும் சில காணாமல் போவதையும் மரபியல் நகர்வு என்பார்கள். அது நான்காவது சங்கதி, இழை வேறு பக்கம் போய்விடும். வழியில் விழுந்த ஏழு பேரும் அதே வீட்டு ரத்தம்தான், மாமா.

மோல்மேன் மாமா:

அதில் ஒருத்தி எட்டு வயதுப் பெண். பெயர் மட்டும் தெரியும். நன்றி ஐயா.

பெகுவாசி:

எல்லாவற்றையும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். களைப்புல் கதையில் சிரித்தாள். இன்னும் ஒன்று மட்டும். என் தலசீமியாப் பிரதி எங்கிருந்து வந்திருக்கும்? அம்மா ‘உங்கப்பா வழியாத்தான் இருக்கும்’ என்கிறார். அப்பா இல்லை, கேட்க முடியாது. தாத்தா பியாப்போன் காட்டில் இருந்த காலத்தில் வந்ததாக இருக்குமோ?

ஆய்வுக்கூடத்து அக்கா:

இருக்காது. பீட்டா தலசீமியா இந்தியாவில் எல்லாப் பக்கமும் உண்டு, மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். அங்கேயும் ஆயிரக்கணக்கான வருடம் மலேரியா இருந்ததல்லவா? உங்கள் பிரதி ராமநாதபுரத்திலேயே ஏதோ ஒரு வீட்டில் இருந்து, கப்பலேறித்தான் வந்திருக்கும். மோன் நாட்டில் ஒரு பிழை, தமிழ்நாட்டில் ஒரு பிழை, இரண்டு ஊரிலும் ஒரே காய்ச்சல் களையெடுத்தது. இரண்டும் உங்கள் மகளிடம் சந்தித்துவிட்டன. மலேரியா இல்லாத பெகு நகர வீட்டில் இப்போது அவற்றால் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் டிரெய்ட் உள்ளவர்களிடம் தொல்லை தராமல் ஒளிந்திருப்பதால் லேசில் போகவும் போகாது.

அம்மாவையும் ஒருமுறை சோதிக்கலாமே. ஒரு குழாய் ரத்தம்தான்.

பெகுவாசி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அம்மா முதலில் வரவே மாட்டேன் என்றார். கடைசியில் பேத்திக்கு ரத்தம் ஏற்றப் போகும்போது, சும்மா துணைக்கு என்று கூட வந்தார். அங்கே பேத்தி ஊசிக்கு அழுததும், ‘பாட்டியும் போட்டுக்கிறேன் பாரு’ என்று கையை நீட்டிவிட்டார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

நேற்று தாள் வந்தது. ஏ2 5.3, எம்சிவி 67, ஏறக்குறைய என் தாளில் இருந்தது போலவே. தலசீமியாப் பிரதியைக் கொடுத்தது அம்மாவேதான்.

நான் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தாளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, நான் இங்கே படித்துக் காட்டியதையெல்லாம் அவளுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள், காது குத்துவது, களைப்புல், எல்லாம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘பிரசவத்துக்குப் பிரசவம் எனக்கு ரத்தம் இல்லன்னு மாத்திரையா குடுத்தாங்களே, அது இதுதானா’ என்று கேட்டார். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, அவர் சுபாவம் அது. இன்று காலை மனைவிக்குத் தட்டில் மொகிங்கா ஊற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா, அம்மாவுக்குத் தட்டோனில் இரண்டு தங்கைகள். ஒருவரின் மகளுக்கு வரும் தையில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கலப்புக் குடும்பம். யார் முதலில் சோதிக்க வேண்டும், பெண்ணா மாப்பிள்ளையா?

ஆய்வுக்கூடத்து அக்கா:

பெண்ணை முதலில் சோதியுங்கள். அவளுக்கு இல்லையென்றால் அதோடு முடிந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல்கூடப் போக வேண்டாம். இருந்தால் மாப்பிள்ளையையும் சோதிக்க வேண்டும். அப்போது எனக்குத் தனிமடலில் எழுதுங்கள், என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். சாதாரண ரத்த எண்ணிக்கை மட்டும் போதாது, ஈ அதில் நழுவிவிடும்.

பிள்ளைக்கு அடுத்த ஏற்று எப்போது?

பெகுவாசி:

வரும் வியாழன். கோழி இப்போது அவளைக் கண்டாலே ஓடுகிறது.